மேடும் பெட்ரோலும் - சுமை இழுத்த வண்டிகளின் கதை

1914-ம் வருடம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சிப்லி என்று ஒரு மர வியாபாரி இருந்தார். அவரிடம் ஒரு படகு இருந்தது. அதை மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே, ஏரிக்கரையில் இருந்த தன் கோடை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். குதிரை வண்டியில் ஏற்றலாம், ஆனால் போய்ச் சேர நாளாகும். அவரிடம் ஒரு ஃபோர்டு மாடல் டி கார் இருந்தது. அதையே இழுக்க வைத்தால் என்ன என்று யோசித்தவர், ஊரில் வண்டி செய்யும் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்பவரிடம் போனார். ஃப்ரூஹாஃப் காரின் பின்பக்கத்தை மாற்றி, இரண்டு சக்கரம் மட்டும் வைத்த ஒரு வண்டியைச் செய்து அதில் கொக்கி போட்டு மாட்டினார். முன்பக்க எடையைக் கார் தாங்கும், பின்பக்க எடையைச் சக்கரம் தாங்கும். படகு போய்ச் சேர்ந்தது. சிப்லிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. மரக்கடைக்கும் அதே மாதிரி வண்டிகள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். இன்று நெடுஞ்சாலையில் ஓடும் அத்தனை செமி ட்ரெய்லர்களுக்கும் ஒரு விதத்தில் இந்தப் படகு வண்டிதான் தாத்தா.

எல்லோரும் இந்தக் கதையை ட்ரெய்லரோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. முன்னால் இருந்த கார் என்ன பாடு பட்டிருக்கும்?

மாடல் டி காரின் இன்ஜின் 2.9 லிட்டர். இன்றைய கணக்கில் பெரிய இன்ஜின்தான். ஆனால் அது தந்தது வெறும் 20 குதிரைத்திறன். ஏன் இவ்வளவு குறைவு? முக்கியமான காரணங்களில் ஒன்று அதன் கம்ப்ரஷன் விகிதம். சிலிண்டருக்குள் வரும் காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்கி அழுத்துகிறது என்பதுதான் இந்த விகிதம். அதிகமாக அழுத்தினால் அதே பெட்ரோலில் அதிக சக்தி கிடைக்கும். மாடல் டி-யில் இது சுமார் 4 மடங்குதான். இன்றைய சாதாரண கார்களில் 10 மடங்குக்கு மேல் இருக்கிறது. அந்தக் காலத்து இன்ஜினியர்களுக்கு அதிகம் அழுத்தத் தெரியாமல் இல்லை. அழுத்தினால் அன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். ஸ்பார்க் பிளக் பொறி தட்டியதும் நெருப்பு ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரைக்கும் சீராகப் பரவ வேண்டும். பிஸ்டனை அது தள்ள வேண்டும், அடிக்கக் கூடாது. ஆனால் நெருப்பு பரவப் பரவ, இன்னும் எரியாமல் மறுகோடியில் மீதம் இருக்கும் கலவை மேலும் மேலும் அழுந்திச் சூடாகிறது. சூடு ஒரு அளவைத் தாண்டினால் நெருப்பு வந்து சேரும்வரை அது காத்திருப்பதில்லை. தானாகவே ஒட்டுமொத்தமாகப் பற்றிக் கொள்கிறது. சிலிண்டருக்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரி "டங் டங்" என்று சத்தம் வரும். கொஞ்ச நேரம் என்றால் சத்தத்தோடு போகும். தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டையே விழுந்துவிடும்.

இது எப்போது வரும்? சமதளத்தில் காலியாகப் போகும்போது பெரும்பாலும் வராது. மேடு ஏறும்போது வரும். பாரம் இழுக்கும்போது வரும். பாரத்தோடு, வெயிலில், மேடு ஏறும்போது கண்டிப்பாக வரும். அப்போதுதான் ஆக்ஸிலேட்டர் முழுவதும் திறந்து, சிலிண்டர் நிறையக் கலவை உள்ளே போய், இன்ஜின் வேகம் குறைவாக இருந்து, எல்லாமே சூடேறி நிற்கும். பெட்ரோல் நல்லதா கெட்டதா என்று சமதளம் சொல்லாது, மேடுதான் சொல்லும்.

மாடல் டி ஓட்டியவர்களுக்கு இதற்கு ஒரு கைவைத்தியம் தெரியும். ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு சிறு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வலது பக்கம் இருப்பது ஆக்ஸிலேட்டர். இடது பக்கம் இருப்பது ஸ்பார்க் எப்போது தட்ட வேண்டும் என்பதை மாற்றும் கம்பி. மேட்டில் இன்ஜின் தட்ட ஆரம்பித்தால் ஓட்டுநர் இடது கம்பியைத் தள்ளி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவார். தாமதமாகப் பற்றவைத்தால் உச்ச அழுத்தம் குறையும், தட்டல் நிற்கும். கூடவே சக்தியும் குறையும்! பாரம் இழுக்க சக்தி அதிகம் தேவைப்படும் அதே நொடியில் சக்தியை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை. இந்த இடது கம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு வேஷத்தில் திரும்ப வரும்.

இதற்கிடையில் பெட்ரோலே மோசமாகிக் கொண்டிருந்தது. 1920-ல் அமெரிக்கச் சாலைகளில் 90 லட்சத்துக்கும் மேல் மோட்டார் வாகனங்கள். இத்தனை வண்டிகளுக்கு ஊற்ற, கச்சா எண்ணெயிலிருந்து எளிதில் பிரியும் லேசான பகுதி மட்டும் போதவில்லை. அதனால் மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் வரும் கனமான பகுதிகளையும் பெட்ரோலில் சேர்த்து விற்றார்கள். கனமான பகுதி சேரச் சேர தட்டல் அதிகம். வில்லியம் பர்ட்டன் என்ற வேதியியலாளர் கனமான எண்ணெயைச் சூட்டிலும் அழுத்தத்திலும் உடைத்து பெட்ரோலாக்கும் முறைக்கு 1913-ல் காப்புரிமை வாங்கினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படி உடைத்து எடுத்த பெட்ரோல் மஞ்சளாக, நாற்றமாக இருந்ததால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தட்டல் விஷயத்தில் தெளிவாகத் தெரிந்த பழைய பெட்ரோலைவிட அதுவே மேல். அளக்க ஒரு கருவியோ அளவுகோலோ அப்போது இல்லாததால் யாரும் அதைச் சொல்லி விற்கவும் முடியவில்லை.

இப்போது கதைக்குள் சார்லஸ் கெட்டரிங் வருகிறார். 1912-ம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்த செல்ஃப் ஸ்டார்ட்டரையும் பேட்டரி இக்னிஷனையும் உருவாக்கியவர் அவர்தான். கைப்பிடியைச் சுற்றிக் கை ஒடிந்தவர்களின் வயிற்றில் பால் வார்த்த மனிதர். ஆனால் அந்தக் கார்களில் தட்டல் சத்தம் கேட்டபோது, "எல்லாம் உன் பேட்டரி இக்னிஷனால் வந்த வினை" என்று பழி அவர் தலையில் விழுந்தது. குற்றவாளி இக்னிஷனா பெட்ரோலா என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. 1916-ல் ஓஹையோ மாநிலம் டேட்டனில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞர் வேலைக்கு வந்தார். வேதியியல் படித்தவர் அல்ல, மெக்கானிக்கல் இன்ஜினியர்.

மிட்ஜ்லி முதலில் கண்டுபிடித்தது, தட்டல் ஸ்பார்க்குக்கு முன்னால் வருவதில்லை, பின்னால்தான் வருகிறது என்பது. அதாவது கெட்டரிங் நிரபராதி. அடுத்து இருவரும் ஒரு விசித்திரமான ஊகத்துக்குப் போனார்கள். எரிபொருள் சிவப்பு நிறமாக இருந்தால் சூட்டை நன்றாக உறிஞ்சி சீக்கிரம் ஆவியாகும், தட்டாது என்று ஒரு நினைப்பு. ஸ்டோர் ரூமில் சிவப்புச் சாயம் இல்லை. அயோடின் இருந்தது. அதைக் கலந்தார்கள், தட்டல் நின்றுவிட்டது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களை வாங்கிக் கலந்து பார்த்தார்கள், ஒரு பயனும் இல்லை. ஊகம் தப்பு, ஆனால் விடை கிடைத்துவிட்டது. மிகக் கொஞ்சம் கலந்தாலே தட்டலை நிறுத்தும் பொருள்கள் உலகத்தில் இருக்கின்றன. அயோடின் விலை அதிகம், உலோகத்தை அரிக்கும். எனவே வேறு பொருள் தேடும் படலம் ஐந்து வருடம் நடந்தது. அனிலின் பார்த்தார்கள். டெலூரியம் நன்றாக வேலை செய்தது, ஆனால் அதன் பூண்டு நாற்றம் உடம்பை விட்டுப் போகவே இல்லையாம். கடைசியில் 1921 டிசம்பர் 9-ம் தேதி டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார்கள். ஒரு கேலன் பெட்ரோலுக்கு சுமார் 3 கன சென்டிமீட்டர் போதும், அதாவது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. தட்டல் போயே போச்சு.

இந்த இடத்தில் வரலாறு வேறு பக்கமும் திரும்பியிருக்கலாம். ஏனென்றால் அதே குழுவுக்கு இன்னொரு மருந்தும் நன்றாகத் தெரியும். அதுதான் சாராயம், அதாவது எத்தில் ஆல்கஹால். ஈயத்தைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1921 அக்டோபரில், மிட்ஜ்லி ஒரு உயர் கம்ப்ரஷன் காரை டேட்டனிலிருந்து இண்டியானாபொலிஸுக்கு ஓட்டிப் போய் இன்ஜினியர்கள் கூட்டத்தில் காட்டினார். அதன் டேங்கில் இருந்தது ஆல்கஹால் கலந்த பெட்ரோல். தட்டவில்லை. ஆனால் ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், காப்புரிமை வாங்க முடியாது. கேலனுக்குப் பல பங்கு கலக்க வேண்டும், அத்தனை ஆல்கஹாலுக்கு எங்கே போவது? போதாக்குறைக்கு அமெரிக்காவில் 1920 முதல் மதுவிலக்கு வேறு. ஈயமோ ஒரு துளி போதும், காப்புரிமையும் கையில். ஜெனரல் மோட்டார்ஸ் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1923 பிப்ரவரியில் டேட்டனில் ஒரு பங்கில் முதல் முறையாக இந்தப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பெயர் "எத்தில்". பெயரில் ஈயம் என்ற வார்த்தையே கிடையாது, இது தற்செயல் அல்ல. அதே வருடம் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடம் பிடித்த கார்களும் எத்தில் ஊற்றி ஓடியவை. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கியரைக் குறைக்காமலே மேடு ஏறலாம் என்பதுதான் வாடிக்கையாளருக்குத் தந்த பெரிய வாக்குறுதி. 1924 ஆகஸ்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியைத் தொடங்கின.

இரண்டே மாதத்தில் பேரிடி. நியூஜெர்சி பேவே என்ற இடத்தில் இருந்த ஸ்டாண்டர்ட் ஆயில் சுத்திகரிப்பு ஆலையில் இந்த ஈயச் சேர்மத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 1924 அக்டோபர் கடைசியில் புத்தி பேதலித்து விழுந்தார்கள். ஐந்து பேர் சில நாட்களுக்குள் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். சிலரைக் கட்டிப்போட்டுத்தான் வைக்க முடிந்தது. டெட்ரா எத்தில் லெட் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், நேராக மூளையைத் தாக்கும். டூபாண்ட் கம்பெனியின் டீப்வாட்டர் ஆலையிலும் சாவுகள் நடந்தன. அங்கே வேலை செய்தவர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் கையால் ஓட்டிக்கொண்டிருந்ததால், அந்தக் கட்டிடத்துக்கு "வண்ணத்துப்பூச்சி வீடு" என்று சக தொழிலாளர்களே பெயர் வைத்திருந்தார்கள். படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிற பெயர்.

பேவே சாவுகள் பத்திரிகைகளில் வந்ததும் மிட்ஜ்லி நிருபர்களைக் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார். ஒரு நிமிடம் மோந்தும் காட்டினார். ஆபத்தே இல்லை என்றார். அதற்கு முந்தைய வருடம் அவரே ஈய விஷத்தால் பாதிக்கப்பட்டு ஃப்ளோரிடாவுக்கு ஓய்வெடுக்கப் போய்வந்தவர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நியூயார்க் நகரமும் வேறு சில இடங்களும் தடை போட்டன. விற்பனை நிறுத்தப்பட்டது. 1925 மே 20-ம் தேதி வாஷிங்டனில் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஹியூ கம்மிங் ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஹார்வர்டில் இருந்த ஆலிஸ் ஹாமில்டன் (தொழிற்சாலை விஷங்களைப் பற்றி அன்றைய அமெரிக்காவில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை) ஈயம் இருக்கும் இடத்தில் இன்று இல்லாவிட்டாலும் நாளை விஷம் ஏறியே தீரும் என்று வாதாடினார். யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டல் ஹெண்டர்சனும் எச்சரித்தார். கம்பெனி தரப்பில் பேசிய ஃப்ராங்க் ஹோவர்ட், எத்தில் கடவுள் கொடுத்த வரம், அதைக் கைவிட முடியாது என்கிற தொனியில் பேசினார். ஒரு கமிட்டி போட்டார்கள். டேட்டனிலும் சின்சினாட்டியிலும் 252 பேரைப் பரிசோதித்தார்கள். 1926 ஜனவரியில் அறிக்கை வந்தது. தடை செய்யப் போதிய காரணம் இல்லை, ஆனால் நீண்ட கால ஆய்வு தொடர வேண்டும் என்றது. முதல் பாதியைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. இரண்டாவது பாதியை அரசு மறந்துபோனது. அந்த மறதியின் விலை அரை நூற்றாண்டு.

சரி, பெட்ரோலுக்கே திரும்புவோம். தட்டலைத் தடுக்கும் சக்தியை அளக்க ஒரு அளவுகோல் வேண்டாமா? எத்தில் கம்பெனியின் கிரஹாம் எட்கர் 1926-ல் அதைக் கொடுத்தார். ஐசோ ஆக்டேன் என்ற பொருள் தட்டவே தட்டாது, அதற்கு 100. நார்மல் ஹெப்டேன் தொட்டதற்கெல்லாம் தட்டும், அதற்கு 0. ஒரு பெட்ரோல் இந்த இரண்டின் எந்தக் கலவை மாதிரி நடந்துகொள்கிறதோ அந்த எண்தான் அதன் ஆக்டேன். அதிக ஆக்டேன் என்றால் அதிக சக்தி அடங்கியது என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். இல்லை. அது பொறுமையின் அளவு. எவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் என்பதற்கான மதிப்பெண், அவ்வளவுதான்.

இந்த மதிப்பெண் போடும் பரீட்சையைத் திருத்தியதும் ஒரு மேடுதான். ஆய்வுக்கூடத்தில் ஒற்றை சிலிண்டர் இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்று ஓட்டி எண் கொடுத்தார்கள். ஆனால் ரோட்டில் போனால் எண்கள் பொருந்தவில்லை. ஒரே எண் வாங்கிய இரண்டு பெட்ரோல்களில் ஒன்று தட்டியது, ஒன்று தட்டவில்லை. எனவே 1932-ல் பென்சில்வேனியா மாநிலம் யூனியன்டவுன் அருகே ஒரு நீண்ட மலையேற்றத்தில் கார்களை ஏற்றி ஏற்றிச் சோதித்தார்கள். அதன் விளைவாக இரண்டாவது பரீட்சை வந்தது. 900 சுற்று, கலவையை 149 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி உள்ளே அனுப்புவது. இதற்கு மோட்டார் முறை என்று பெயர். முதலாவது ரிசர்ச் முறை. வெயிலில் பாரம் இழுத்து நொந்துபோன இன்ஜினின் நிலைமைக்கு மோட்டார் முறைதான் நெருக்கம். அமெரிக்க பங்குகளில் எழுதியிருக்கும் 87, 91, 93 எல்லாம் இந்த இரண்டின் சராசரி. நம் ஊர் பங்குகளில் சொல்லும் எண் ரிசர்ச் முறை மட்டும். அதனால் அமெரிக்காவின் 87-ம் நம் ஊரின் 91-ம் கிட்டத்தட்ட ஒரே ரகம்தான். அவர்கள் நம்மைவிட மட்டமான பெட்ரோல் போடுகிறார்கள் என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம் :)

ஈயம் வந்ததும் கார்களின் கம்ப்ரஷன் விகிதம் ஏறிக்கொண்டே போனது. 1960-களில் பத்தைத் தாண்டிய கார்கள் சாதாரணம். ஆனால் லாரிகள் இந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளவில்லை என்பது கவனிக்க வேண்டியது. 1960-ல் ஜிஎம்சி கம்பெனி லாரிகளுக்கென்றே செய்த வி6 இன்ஜினின் விகிதம் 8-க்கும் கீழே. காரணம் எளிது. லாரிக்காரருக்கு ஊருக்கு ஊர் கிடைக்கும் மலிவான பெட்ரோலில் ஓட வேண்டும். கார் எப்போதாவது மேடு ஏறும், லாரி நாள் முழுக்க ஏறும். எனவே சக்தி வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கூட்டாமல் இன்ஜினைப் பெரிதாக்கினார்கள். ஜிஎம்சி இந்த வழியிலேயே போய் 702 கன அங்குலத்தில் (11.5 லிட்டர்!) ஒரு பன்னிரண்டு சிலிண்டர் பெட்ரோல் லாரி இன்ஜினைக் கூடச் செய்தது. அது குடித்த பெட்ரோலைக் கற்பனை செய்து பாருங்கள். கனரக லாரிகள் டீசலுக்கு மாறிப்போனதில் ஆச்சரியம் இல்லை. டீசலில் காற்றை மட்டும் அழுத்தி, வேண்டிய நேரத்தில் எண்ணெயைப் பீச்சுவதால் இந்தத் தட்டல் தலைவலியே கிடையாது.

மிச்சம் இருந்தது பிக்கப் ரகச் சின்ன டிரக்குகள். அவற்றின் கதையில்தான் பெட்ரோல் தேர்வு ஒரு விசித்திரமான வேலை செய்தது.

1965-ல் கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியல் அறிஞர் (பூமியின் வயதை 455 கோடி வருடம் என்று கணித்தவர் இவரே) மனித உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கையானது அல்ல என்று எழுதினார். 1970-ல் காற்று மாசுச் சட்டம் வந்தது. புகையைச் சுத்தம் செய்ய 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்தினார்கள். ஈயம் பட்டால் அது செத்துவிடும். ஆகவே அந்தக் கார்களுக்கு ஈயமற்ற பெட்ரோல் கட்டாயம். ஈயமுள்ள பங்கின் குழாய் உள்ளேயே போகாதபடி டேங்க் வாயைச் சின்னதாக்கினார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. மொத்த எடை (வண்டியும் பாரமும் சேர்த்து) 6,000 பவுண்டுக்கு மேல் உள்ள டிரக்குகளுக்கு இந்த விதி இல்லை. ஃபோர்டு கம்பெனியிடம் அதுவரை எஃப்-100, எஃப்-250 போன்ற பிக்கப்கள். எஃப்-100 விதிக்குள் மாட்டியது. உடனே 1975-ல் நடுவில் ஒரு புது மாடலை விட்டார்கள். மொத்த எடை 6,000-க்குக் கொஞ்சம் மேலே. கன்வெர்ட்டர் தேவையில்லை, பழைய மலிவான ஈயப் பெட்ரோலையே ஊற்றலாம். அதுதான் எஃப்-150! பிற்பாடு பல கோடி ரூபாய் விளம்பரத்தில் மலையும் குதிரையும் காட்டி விற்ற அந்தப் பெயர் பிறந்தது எந்தப் பெட்ரோல் ஊற்றுவது என்ற கேள்வியில். செவர்லேயும் அடுத்த வருடமே இதே தந்திரத்தைச் செய்தது. 1979-ல் எடை வரம்பை 8,500 பவுண்டாக உயர்த்தி அரசு சந்தை அடைத்தது. எஃப்-150 மட்டும் நிலைத்துவிட்டது.

ஈயம் குறையக் குறைய என்ன நடந்தது? 1976-க்கும் 1980-க்கும் இடையில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு சுமார் 37 சதவீதம் குறைந்தது. பெட்ரோலில் ஈயம் விற்ற கோடும் ரத்தத்தில் ஈயம் இருந்த கோடும் வரைபடத்தில் ஒன்றையொன்று ஒட்டியே இறங்கின. ஆலிஸ் ஹாமில்டன் 1925-ல் சொன்னதற்கு சாட்சி. அவர் 1970-ல்தான், 101 வயதில், காலமானார். 1996 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் முழுத் தடை. இந்தியாவில் 2000-ல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது.

ஈயம் போனதும் டிரக்குகள் முதலில் திணறின. அழுத்தம் குறைந்தது, சக்தி குறைந்தது. மீட்டது எலெக்ட்ரானிக்ஸ். 1978-ல் ப்யூக் கம்பெனி தன் டர்போ வி6 இன்ஜினில் ஒரு சின்ன காதை ஒட்டியது. தட்டல் அதிர்வைக் கேட்டதும் ஸ்பார்க்கைத் தானாகவே தாமதப்படுத்தும் நாக் சென்சார். மாடல் டி-யின் இடது கம்பி ஞாபகம் இருக்கிறதா? அதே வேலைதான். ஓட்டுநரின் காதும் கையும் செய்ததை இப்போது கம்ப்யூட்டர் நொடியில் செய்கிறது. ஒரே வித்தியாசம், ஓட்டுநருக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை. சத்தம் வருவதில்லை. சக்தி மட்டும் சத்தமில்லாமல் குறைகிறது.

2011 மாடல் எஃப்-150-ல் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜின் வந்தது. இரட்டை டர்போ, கம்ப்ரஷன் 10, 365 குதிரைத்திறன், 11,300 பவுண்டு வரை இழுக்கும் என்றார்கள். 87 ஆக்டேன் போதும் என்றுதான் கையேடு சொல்கிறது. ஆனால் அதே கையேடு, ட்ரெய்லர் இழுப்பது போன்ற கடும் வேலைக்குப் பிரீமியம் பெட்ரோல் நல்லது என்றும் சொல்கிறது. இரண்டும் முரண் இல்லை. கணக்குப் போட்டால் புரியும். இரண்டரை டன் டிரக் காலியாக, சமதளத்தில், மணிக்கு 64 கிலோமீட்டரில் போக ஏறத்தாழ 15 குதிரைத்திறன் போதும். அதன் பின்னால் 5 டன் ட்ரெய்லர் மாட்டி 5 சதவீத ஏற்றத்தில் அதே வேகத்தில் போனால், அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே சுமார் 88 குதிரைத்திறன் வேண்டும். காற்றுத் தடையும் சக்கர உராய்வும் தனி. காலி வண்டியில் நாக் சென்சாருக்கு வேலையே இல்லை, அங்கே பிரீமியம் ஊற்றுவது காசுக்குப் பிடித்த கேடு. மேட்டில் டர்போ முழுமூச்சாக ஊதும்போது கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைப் பின்னால் இழுக்கிறது, தேவைப்பட்டால் டர்போவின் ஊதலையும் குறைக்கிறது. ஆக்டேன் அதிகம் இருந்தால் அவ்வளவு பின்வாங்கத் தேவையில்லை. காலி டிரக்கே முழு ஆக்ஸிலேட்டரில் வித்தியாசம் காட்டும். அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 2019-ல் இதே இன்ஜினை இரண்டு பெட்ரோலிலும் ஓட்டிப் பார்த்தபோது, 60 மைல் வேகத்தை எட்டுவதில் 93 ஆக்டேன் அரை நொடிக்கும் மேல் முந்தியது. டர்போ இல்லாத, கம்ப்ரஷன் குறைந்த பழைய டிரக்கில் இந்த வித்தியாசத்தைத் தேடினால் கிடைக்காது.

மலைப் பிரதேச மாநிலங்களில் இன்னொரு குழப்பம். அங்கே 85 ஆக்டேன் விற்கிறார்கள். உயரத்தில் காற்று மெல்லியது, சிலிண்டருக்குள் குறைவாகவே போகும், தட்டாது என்ற பழைய கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. டர்போ வண்டி மெல்லிய காற்றையும் அழுத்தித் திணித்துக்கொள்ளும். அதனால் மலையில் ட்ரெய்லர் இழுக்கும் டர்போ டிரக்குக்கு 85 ஊற்றுவது, வழுக்குமரம் ஏறப் போகிறவன் கையில் எண்ணெய் தடவிக்கொண்ட கதைதான்.

கம்பெனிகள் இழுக்கும் எடையை இஷ்டத்துக்கு அடித்துவிட்ட காலமும் ஒன்று இருந்தது. 2008-ல் வாகன இன்ஜினியர்கள் சங்கம் ஜே2807 என்று ஒரு பொதுப் பரீட்சை வகுத்தது. அதன் கடினமான கேள்வி அரிசோனா பாலைவனத்தில் இருக்கிறது. டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் தொடங்கி 11 மைலுக்கு மேல் ஏறிக்கொண்டே போகும் சாலை. வெயில் குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஏ.சி. முழுதாக ஓட வேண்டும். சொன்ன எடையைக் கட்டி இழுத்துக்கொண்டு சாதாரண பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். யூனியன்டவுன் மலையின் பேரன் என்று சொல்லலாம்.

ஈயம் போன இடத்தைப் பிடித்தது யார் தெரியுமா? பழைய சாராயமேதான். அமெரிக்க பங்குகளில் இன்று விற்கும் பெட்ரோலில் பெரும்பாலானவற்றில் 10 சதவீதம் எத்தனால். ஆவியாகும்போது சிலிண்டரையே குளிரவைக்கும் குணம் அதற்கு உண்டு. 2014 மாடல் செவர்லே சில்வராடோவின் 5.3 லிட்டர் இன்ஜினுக்கு, சாதாரண பெட்ரோலில் 355 குதிரைத்திறன் என்று போட்ட கம்பெனியே, ஈ85 எனப்படும் எத்தனால் மிகுந்த எரிபொருளில் 380 என்று போட்டது. இழுவிசை 383-லிருந்து 416 பவுண்டு-அடி. ஆனால் எத்தனாலில் சக்திச் சரக்கு குறைவு, மைலேஜ் கால் பங்கு வரை அடிவாங்கும். ட்ரெய்லரோடு போனால் பங்குக்குப் பங்கு நிறுத்த வேண்டியதுதான். 1921 அக்டோபரில் மிட்ஜ்லி இண்டியானாபொலிஸுக்கு ஓட்டிப் போன காரின் டேங்கில் இருந்ததும் இதே சரக்குதான்.